சால் கிழித்த கோடு

உழவு தெரிந்த வீட்டில் சால் என்றால் கலப்பை மண்ணில் கிழித்துப் போகும் கோடு. முன் ஏர் போன வழியில்தான் பின் ஏர் போகும். அதனால் முதல் சாலை ஓட்டக் கைதேர்ந்த ஆளைத்தான் விடுவார்கள். அது கோணினால் வயலே கோணிவிடும்.

நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும், 20ஆவது குரோமோசோமில், சால்4 என்று ஒரு மரபணு இருக்கிறது. பெயர் ஒற்றுமை தற்செயலானது. ஜெர்மன் மொழியில் ஸ்பால்ட் என்றால் பிளவு, கீறல். அந்தச் சொல்லின் சுருக்கத்தில் பிறந்த பெயர் இது. ஆனாலும் தமிழ்ப் பொருள் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. கரு என்ற வயலில் முதல் கோடுகள் விழும்போது கூட இருக்கும் மரபணுக்களில் அதுவும் ஒன்று. அதன் கதையைச் சொல்ல ஓர் ஈயிலிருந்து தொடங்க வேண்டும்.

1970களின் கடைசியில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் என்ற இருவர் ஓர் இரட்டைத் தலை நுண்ணோக்கியின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கருவைப் பார்க்க முடிகிற கருவி அது. கண்ணாடித் தகட்டில் இருந்தது பழ ஈயின் கரு, அரை மில்லிமீட்டர் நீளம். அதன் தோலில் பட்டை பட்டையாகப் பொடி முட்கள் வரிசை கட்டியிருக்கும். ஈக்களுக்கு ரசாயனம் கொடுத்து மரபணுக்களைக் குலைத்து, அவற்றின் சந்ததியில் எந்தப் பட்டை காணாமல் போயிருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது என்று கரு கருவாகப் பார்த்தார்கள். ஓர் உடம்பு எப்படித் தலை, நடு, வால் என்று பிரிகிறது என்பதற்கான மரபணுக்களின் பட்டியல் அந்தப் பொறுமையிலிருந்து வந்தது. 1995இல் எட்வர்ட் லூயிஸுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வேட்டையில் அகப்பட்டவற்றில் ஒன்றுதான் ஸ்பால்ட். 1988இல் கெர்ட் யூர்கன்ஸ் அதை நெருங்கி ஆராய்ந்தபோது, ஸ்பால்ட் இல்லாத கருவில் தலைப் பகுதியும் வால் பகுதியும் தங்கள் அடையாளத்தை இழந்து, நடு உடம்பைப் போல வளரப் பார்ப்பது தெரிந்தது. தலை தலையாகவும் வால் வாலாகவும் இருக்க இந்த மரபணு வேண்டும். பிற்பாடு அதே மரபணுவை ஈயின் இறக்கையிலும் கண்டார்கள். இறக்கை நரம்புகள் எந்த இடத்தில் ஓட வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு இருந்தது. கோடு கிழிக்கிற வேலைதான்.

ஈயில் இருப்பது மனிதனிலும் இருக்கும் என்பது உயிரியலில் இன்று யாரையும் வியக்க வைப்பதில்லை. மனிதனில் ஸ்பால்ட்டின் உறவுக்காரர்கள் நால்வர். சால்1 முதல் சால்4 வரை வரிசையாகப் பெயர். நால்வரும் செய்யும் புரதங்களில் துத்தநாக அணுவைப் பிடித்துக்கொண்டு விரல் போல நீட்டி நிற்கும் பகுதிகள் உண்டு. அவற்றுக்குத் துத்தநாக விரல்கள் என்றே பெயர். அந்த விரல்களால் டி.என்.ஏ. இழையைப் பற்றி, மற்ற மரபணுக்களை எழுப்பும் அல்லது அடக்கும்.

சால்4 மருத்துவர்களின் கண்ணில் பட்டது ஒரு கண் அசைவுக் குறைபாட்டின் வழியாக. சிலருக்கு ஒரு கண்ணைக் காதுப்பக்கம் திருப்ப முடியாது. மூக்குப்பக்கம் திருப்பினால் விழி சற்று உள்ளே இழுத்துக்கொள்ளும், இமைகளின் இடைவெளி சுருங்கும். விழியை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கு வரவேண்டிய ஆறாவது மூளை நரம்பு கருவிலேயே சரியாக உருவாகாததால் வருவது இது. 1905இல் இதை விரிவாக எழுதிய அலெக்சாண்டர் டுவான் பெயரில் டுவான் குறைபாடு என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது கண்ணோடு முடிந்துவிடும். 1977இல் ஒகிஹிரோ என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அங்கே அந்தக் கண்ணோடு கையும் சேர்ந்து குறைபட்டிருந்தது.

கை என்றால் எல்லா விரலும் அல்ல, கட்டைவிரல் பக்கம். சிலருக்குக் கட்டைவிரலின் அடியில் உள்ளங்கையில் பொம்மென்று இருக்கும் சதைமேடு மட்டும் தட்டையாக இருக்கும். கைகுலுக்கினால்கூட மற்றவருக்குத் தெரியாது. சிலருக்குக் கட்டைவிரலிலும் மற்ற விரல்களைப் போல மூன்று எலும்புகள். சிலருக்குக் கட்டைவிரலே இல்லை. சிலருக்கு முன்கையின் அந்தப் பக்க எலும்பும் இல்லை, கை உள்பக்கம் வளைந்துவிடும். இத்தனை வேறுபாடும் ஒரே குடும்பத்துக்குள் வரும். அப்பாவுக்குச் சதைமேடு தட்டை, பிள்ளைக்கு முன்கையே குட்டை.

2002இல் ஜெர்மனியில் யூர்கன் கோல்ஹாஸெ குழுவும் பாஸ்டனில் எலிசபெத் எங்கிள் குழுவும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. இந்தக் குடும்பங்களில் பழுதாகியிருந்தது சால்4. நம்மிடம் ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள், தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. இவர்களுக்கு ஒரு பிரதி நன்றாகவே இருந்தது. அது செய்யும் புரதம் மட்டும் போதவில்லை. சால்4 பாதியாகக் குறைந்தாலே கட்டைவிரல் தள்ளாடுகிறது. பழுதான பிரதி உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச் சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. சிறுநீரகம், இதயம், செவி ஆகியவற்றையும் அது தொடலாம்.

கைக்கு முந்தைய கட்டத்துக்குப் போவோம். கருத்தரித்து ஐந்தாறு நாளான கரு ஒரு சிறு உருண்டை. அதன் உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் செல் கூட்டம் எதுவாகவும் ஆகக்கூடியது. மூளை, ஈரல், எலும்பு, தோல், எல்லாம் அதற்குள் அடக்கம். தமிழில் இதைக் குருத்தணு என்று சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. வாழையின் நடுக் குருத்து சுருண்டு இருக்கும்வரை அது முழு இலை. விரிந்தபின் காற்று எப்படிக் கிழித்தாலும் பழையபடி சுருளாது. குருத்தணுவும் அப்படித்தான். அது விரியாமல் இருப்பது சும்மா இருப்பதாகத் தெரியும். உண்மையில் அந்தச் சுருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பல புரதங்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஆக்ட்4, நேனாக், சாக்ஸ்2 என்பவை பேர்பெற்றவை.

சால்4 அந்த வட்டத்தில் ஒன்று என்பது 2006இல் தெளிவாயிற்று. சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகத்தின் ஆய்வாளர்கள் சுண்டெலியின் கருக் குருத்தணுக்களில் சால்4ஐக் குறைத்துப் பார்த்தார்கள். ஆக்ட்4 சரிந்தது. செல்கள் கருவாகும் வழியை விட்டு, நஞ்சுக்கொடியாகும் வழிக்குத் திரும்பின. சால்4 நேனாக்குடன் கைகோத்து வேலை செய்வதும் சிங்கப்பூரிலேயே தெரியவந்தது. இரண்டு பிரதியும் இல்லாத எலிக் கரு கருப்பையில் பதிந்த சற்றைக்கெல்லாம் இறந்துவிடும். கட்டைவிரலைப் பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை.

சுருளை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதற்கு 2021இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் ஆய்வகம் ஒரு விடை தந்தது. டி.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கு. அவற்றில் ஏ, டி என்ற இரண்டும் மிகுந்த பகுதிகளைச் சால்4இன் ஒரு துத்தநாக விரல் கூட்டம் தேடிப் பிடிக்கிறது. நரம்பு செல்லாக மாறுவதற்கான மரபணுக்கள் பல அப்படிப்பட்ட பகுதிகளில் இருக்கின்றன. சால்4 அவற்றின் மேல் கையை வைத்து, இன்னும் நேரம் வரவில்லை என்று அடக்கி வைத்திருக்கிறது. அந்த விரல்களை மட்டும் கெடுத்துவிட்டால் குருத்து காலத்துக்கு முன்பே விரிகிறது.

வளர்ந்த செல்லைத் திரும்பவும் குருத்தணுவாக்கும் முயற்சியிலும் சால்4 வந்து நிற்கிறது. 2006இல் ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களால் அதைச் செய்து காட்டினார், அந்தப் பட்டியலில் சால்4 இல்லை. 2014இல் ருடால்ஃப் யேனிஷ் ஆய்வகத்தினர் சால்4, நேனாக், எஸ்ஆர்ஆர்பி, லின்28 என்ற வேறு நான்கை எடுத்துக்கொண்டார்கள். எண்ணிக்கையில் குறைவாக வந்தாலும் தரத்தில் சிறந்த குருத்தணுக்கள் கிடைத்தன.

இனி ஒரு மாத்திரைக்கு வருகிறேன். இந்த மரபணுவின் வாழ்க்கையில் என்னை உலுக்கிய பகுதி இதுதான்.

1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் க்ரூனென்தால் நிறுவனம் தாலிடோமைடு என்ற மருந்தைக் காண்டெர்கன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தூக்கத்துக்கு நல்லது, யாருக்கும் தீங்கில்லை என்றார்கள். மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். மசக்கையில் குமட்டலும் தூக்கமின்மையுமாகத் தவித்த பெண்கள் நம்பி விழுங்கினார்கள். பல நாடுகளில் பல பெயர்களில் அது விற்றது. பிறகு தோளிலிருந்தே உள்ளங்கை முளைத்தது போன்ற குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. கட்டைவிரல் இல்லாதவர்கள், காது இல்லாதவர்கள், விழி அசையாதவர்கள். உலகெங்கும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் என்பது பொதுவான கணக்கு. பலர் பிறந்த சில மாதங்களிலேயே இறந்தார்கள்.

ஹாம்பர்கில் குழந்தை மருத்துவரும் மரபியலாளருமான விதுகிந்த் லென்ஸ் தாய்மார்களிடம் போய் உட்கார்ந்து, கர்ப்பத்தின் தொடக்கத்தில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஆஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிரைடும் அதே முடிவுக்கு வந்தார். 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருந்த ஃபிரான்சிஸ் கெல்சி, சான்று போதாது என்று அனுமதி தராமல் நிறுத்தி வைத்திருந்ததால் அந்நாடு பெரும்பாலும் தப்பித்தது.

லென்ஸ் போன்றவர்கள் திரட்டிய விவரங்களில் ஒன்று இன்றும் திகைக்க வைக்கிறது. கருத்தரித்த 20ஆம் நாளிலிருந்து சுமார் 36ஆம் நாள் வரைதான் ஆபத்து. அந்த இரண்டு வாரத்தில் எந்த நாளில் மாத்திரை விழுங்கப்பட்டதோ அதற்கேற்பக் குறைபாடு மாறியது. முதல் நாட்களில் காது, அடுத்து கை, கடைசியில் கால். ஒரே மாத்திரையும் போதுமானதாக இருந்தது. தான் கர்ப்பம் என்றே பல பெண்கள் உறுதியாக அறிந்திராத நாட்கள் அவை.

காரணம் மட்டும் அரை நூற்றாண்டுக்கு யாருக்கும் பிடிபடவில்லை. சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், குட்டிகள் நன்றாகப் பிறந்தன. முயலுக்குக் கொடுத்தால் குட்டிகள் ஊனப்பட்டன. 2010இல் ஜப்பானில் ஹிரோஷி ஹண்டா, டகுமி இட்டோ குழு முதல் கதவைத் திறந்தது. மாத்திரை போய் ஒட்டுவது செரிப்ளான் என்ற புரதத்தில் என்று கண்டார்கள். செல்லுக்குள் எந்தப் புரதம் கழிக்கப்பட வேண்டும் என்று முத்திரை குத்தும் கூட்டத்தில் செரிப்ளானும் ஓர் உறுப்பினர். முத்திரை விழுந்த புரதத்தைச் செல்லின் அரவை இயந்திரம் தூள்தூளாக்கிவிடும். தாலிடோமைடு செரிப்ளானில் ஒட்டியதும் அது ஆள் மாறிப் பிடிக்க ஆரம்பிக்கிறது. தன் வழியில் இல்லாத புரதங்களையெல்லாம் இழுத்து முத்திரை குத்துகிறது.

யாரைப் பிடித்தது என்பதே அடுத்த கேள்வி. ரத்தப் புற்றுச் செல்களில் தேடியவர்களுக்கு வேறு சில புரதங்கள் கிடைத்திருந்தன. பாஸ்டனில் டானா-ஃபார்பர் நிலையத்தில் எரிக் ஃபிஷர் குழு மனிதக் கருக் குருத்தணுக்களிலும் தேடியது. கைகால் வளரும் காலத்துப் புரதத்தை அப்படிப்பட்ட செல்லில்தானே தேட வேண்டும்! மருந்து பட்டதும் அங்கே மறைந்துபோன புரதம் சால்4. 2018இல் அவர்களும், செல்ஜீன் நிறுவன ஆய்வாளர்களும் தனித்தனியே இதை வெளியிட்டார்கள்.

துத்தநாக விரல்களில் இரண்டாவதன் வளைவில், 416ஆம் இடத்தில், கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருக்கிறது. அது சிறியதாக இருப்பதால்தான் மருந்து அங்கே நெருங்கி அமர முடிகிறது. அதைச் சற்றே பெரிய ஒன்றாக மாற்றிவிட்டால் சால்4 தப்பித்துவிடும். சுண்டெலியின் செரிப்ளானும் வேறு, அதன் சால்4இன் அந்த விரலும் சற்று வேறு. அதனால் எலிக் குட்டிகள் பிழைத்தன. நாம் பிழைக்கவில்லை. சால்4 ஒன்றே முழுக் காரணம் என்று அறிவியல் சொல்லவில்லை. பி63 என்ற புரதமும் சிதைகிறது என்று 2019இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். ஆனால் சால்4 பாதியாகப் பிறந்தவரின் கையையும் தாலிடோமைடு பட்டவரின் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் எவ்வளவு நெருங்கியவை என்பது விளங்கும். டுவான் கண்ணும் அங்கே இருக்கிறது.

அந்த நெருக்கம் மருத்துவர்களையே ஏமாற்றியிருக்கிறது. தாலிடோமைடால் பாதிக்கப்பட்டவர்கள் என்று கருதப்பட்ட சிலருக்கு, அவர்களைப் போலவே கை குறைபட்ட பிள்ளைகள் பிறந்தார்கள். உடனே, இந்த மருந்து மரபணுவையே மாற்றிவிடுகிறது, தலைமுறை தாண்டிப் போகிறது என்ற பேச்சு 1990களில் மருத்துவ இதழ்களிலேயே வந்தது. கைகால் குறைபட்டு, போராடி வளர்ந்து, திருமண வயதில் நின்றவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2003இல் கோல்ஹாஸெ குழு அப்படிப்பட்ட சிலரின் மரபணுவைப் படித்தபோது அவர்களிடம் சால்4 பழுது இருந்தது. அவர்களுடையது பரம்பரையாக வந்த குறை, மாத்திரையால் வந்ததாகத் தவறாக எழுதப்பட்டிருந்தது. உண்மையில் மாத்திரையால் பாதிக்கப்பட்டவர்களின் மரபணு எழுத்தில் பிழை கிடையாது. மருந்து மரபணுவைத் தொடவில்லை. அது செய்த புரதத்தைச் சில நாட்கள் அழித்தது, அவ்வளவுதான். அவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குப் போக ஏதும் இல்லை. ஒரு மரபணு ஆய்வு இதைவிடப் பெரிய ஆறுதலைத் தர முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

தாலிடோமைடு மறையவில்லை. 1964இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின், தொழுநோயில் வரும் கடும் வலிமிக்க அழற்சிக்கு அது வேலை செய்வதைக் கண்டார். பின்னர் மல்டிபிள் மைலோமா என்ற எலும்புமஜ்ஜைப் புற்றுக்கும் பயன்பட்டது. நம் நாட்டிலும் அந்த நோயாளிகளுக்குத் தரப்படுகிறது. பிரேசிலில் தொழுநோய்க்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரை கர்ப்பிணிகள் கைக்குப் போய், இந்த நூற்றாண்டிலும் கை குறைபட்ட குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். வீட்டில் யாராவது இதைச் சாப்பிடுகிறார்கள் என்றால், அந்த அட்டை வேறு யார் கைக்கும் போகாத இடத்தில் இருக்க வேண்டும்.

சால்4இன் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தை வளர்ந்தபின் உடம்பின் பெரும்பகுதியில் அது அடங்கிவிடும். விந்தகத்தில் விந்தணுவுக்கு மூலமான செல்களைப் போன்ற ஒருசில இடங்களில் மட்டும் விழித்திருக்கும். இதை நோய்க்கூறியல் மருத்துவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஓர் இளைஞனின் மார்பிலோ வயிற்றிலோ கட்டி, எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. பயாப்சித் துண்டில் சால்4க்கான சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைப்பார்கள். செல்களின் உட்கருக்கள் வரிசையாகப் பழுப்பாகத் தெரிந்தால் அது இனச்செல் கட்டியாக இருக்க மிகுந்த வாய்ப்பு. பரவிய பின்னும் மருந்துகளால் குணமாக்கக்கூடிய புற்று வகைகளில் ஒன்று அது. அந்தப் பழுப்புப் புள்ளிகள் ஓர் உயிரைக் காக்கும் செய்தியாகிவிடுகின்றன.

மற்ற சில புற்றுகளில் அது கெட்ட செய்தி. கருவிலிருக்கும் ஈரலில் சால்4 உண்டு, வளர்ந்த ஈரலில் இல்லை. ஈரல் புற்றில் ஒரு பகுதியினருக்கு அது மறுபடி எழுந்துவிடுகிறது. அப்படி எழுந்தவர்கள் குறைந்த காலமே உயிர் வாழ்ந்தார்கள் என்று சிங்கப்பூர், பாஸ்டன் ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். சில ரத்தப் புற்றுகளிலும் இப்படியே. கருவில் செல்லை இளமையாக வைத்திருந்த அதே வேலையை அது ஐம்பது வயது ஈரலில் செய்கிறது. காலம் தப்பிய வேலை. சால்4 தனக்குத் துணையாக இழுத்துக்கொள்ளும் புரதக் கூட்டத்திலிருந்து அதைப் பிரித்துவிடச் சிறு புரதத் துண்டுகளை வைத்துச் சோதனை நடக்கிறது. ஆய்வகத்தில் பலன் தெரிகிறது, நோயாளியின் படுக்கையருகே வர இன்னும் தூரம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் விரல் குறைந்து ஒரு குழந்தை பிறந்தால், கிரகணத்தன்று எதையாவது நறுக்கினாயா என்று தாயைத்தான் கேட்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். கட்டைவிரல் மெலிந்தோ இல்லாமலோ பிறந்த குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கண் அசைவு, செவி, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபன்கோனி ரத்தசோகை என்ற நோயிலும் கட்டைவிரல் குறையலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அப்பா, அம்மா இருவரும் தங்கள் உள்ளங்கைகளையும் மருத்துவர் முன் விரித்துக் காட்டுங்கள். அந்தச் சதைமேடு தட்டையாக இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும்.